பேச்சு நின்றுபோன வீட்டில் ஓர் ஆய்வேடு

இப்போதும் யாராவது ஆய்வேடு என்று பேச்செடுத்தால் டீச்சருக்கு ஞாபகம் வருவது பட்டம் வாங்கிய நாள் அல்ல. சாப்பாட்டு மேஜையில் குவிந்து கிடந்த காகிதங்களும், அடுத்த அறையில் ஓடிய தையல் மெஷினின் சத்தமும்தான்.

அப்போது அவர் பள்ளியில் மொழிப்பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், மனசுக்குள் மடித்து வைத்திருந்த ஆசை தலைதூக்கியது. பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வுக்குச் சேர்ந்தார். 'குடும்பத்தில் பேச்சு' என்று தலைப்பு எழுதிக்கொண்டு போனார். வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இதை முடிக்க ஏழு ஜென்மம் வேணும்மா. கையில அடங்குற மாதிரி ஒண்ணு கொண்டு வா."

வெட்டி வெட்டிக் கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சியது. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் மறுபடி எப்படிப் பேச ஆரம்பிக்கிறார்கள்? செங்கல் கனத்தில் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சாயங்காலங்களில் டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினார். சொல்லத் தயங்குவார்கள் என்று நினைத்தது தப்பு. கதவைத் திறந்தவர்கள் கொட்டித் தீர்த்தார்கள்.

வினை வீட்டிலேயே காத்திருந்தது. கணவரின் அக்கா அவர்களோடுதான் இருந்தார். கணவனை இழந்தபின் தையலே அவருக்குத் துணை. துணி வெட்ட வீட்டில் இருந்தது அந்த ஒரே மேஜை. ஒருநாள் அவசரத் தையல் வந்துவிட, காகிதங்களை அள்ளிக் கட்டிலில் போட்டார். மூன்றாம் அத்தியாயம் முதல் அத்தியாயத்துக்குள் போய்ப் புகுந்தது. பள்ளியிலிருந்து களைத்து வந்த டீச்சர் கத்திவிட்டார். அக்கா பதில் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மாதங்கள் ஓடின.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க, சாப்பாடு ரெடின்னு."

"தம்பி, எனக்குப் பசிக்கலைன்னு சொல்லிடு."

"ரெண்டு பேரும் ஒரே அறையிலதானே நிக்கறீங்க! நான் என்ன தபால்காரனா?" என்று தலையில் அடித்துக்கொள்வார் கணவர்.

பேராசிரியை கடைசி அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பேச்சு நின்னதை நல்லா எழுதியிருக்கே. திரும்ப வந்த இடத்துல உயிரே இல்லை. எல்லாரும் சொன்ன கதையாத்தான் இருக்கு. நீ பக்கத்துல இருந்து ஒண்ணாவது பார்த்தியா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போனதும் தானே முதலில் பேசிவிடுவது என்று முடிவு செய்தார். வாசல் தாண்டியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊரார் வீட்டு மௌனத்தையெல்லாம் பக்கம் பக்கமாக அலசியவருக்குத் தன் வீட்டில் "அக்கா" என்று ஒரு சொல் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தியாயத்தை மறுபடி அடுக்க உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பத்திகளை வெட்டி, வேறு தாளில் பசை தடவி ஒட்ட வேண்டும். யோசனையிலேயே கையை நீட்டி, மேஜையில் கிடந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் காகிதத்தில் வைத்தார்.

"ஐயையோ! அது துணிக் கத்தரிடி! பேப்பர்ல வெச்சா கூர் மழுங்கிப் போயிடும்!"

அடுத்த அறையில் மெஷின் நின்றது. டீச்சரின் கையும் நின்றது. அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். முதலில் யார் சிரித்தது என்று இருவருக்குமே தெரியாது. சிரிப்பு நடுவழியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாயிற்று.

"அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுக்கா."

"விடு. கேட்காம அள்ளினது என் தப்புதான். இப்படிக் குடு, நீ வெட்டுற லட்சணத்தைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது."

அக்கா பழைய கத்தரி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அவர் வெட்ட, டீச்சர் ஒட்டினார். சாயங்காலத்துக்குள் அத்தியாயம் ஒழுங்குக்கு வந்துவிட்டது.

"அக்கா, இதையும் எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ. ஆனா என்னைச் சண்டைக்காரின்னு போட்டுடாதே."

டீச்சர் வேண்டுமென்றேதான் அந்தக் கத்தரியை எடுத்தார் என்று கணவர் கடைசிவரை சாதித்தார். சத்தியம் செய்தும் நம்பவில்லை.

வாய்மொழித் தேர்வன்று அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இருப்பதிலேயே தனக்குப் பிடித்தது தையல்காரப் பெண்மணியின் பகுதிதான் என்றபோது, டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். பின்னாலிருந்து மட்டும் பெருமையாக ஓர் இருமல் கேட்டது.

அதற்குப் பிறகும் அவர்கள் எத்தனையோ தடவை முட்டிக்கொண்டார்கள். எந்தச் சண்டையும் ஒரு பொழுதைத் தாண்டியதில்லை. அக்கா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. டீச்சரும் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் இப்போது சண்டையே கிடையாது. அதை யாராவது பெருமையாகச் சொன்னால், டீச்சர் மேஜையில் கிடக்கும் அந்தத் துணிக் கத்தரியை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.