கடல் பார்க்காத இறால்

அடையாறு பாலத்தில் இன்று ஆட்டோ நின்றபோது வந்த சேற்று வாசனை, இப்போது வேலிக்குப் பின்னால் போய்விட்ட முகத்துவாரத்துக்கு, என் சின்ன வயதில் அங்கே கழுத்தளவு நீரில் குந்தி, ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு வெறுங்கையால் இறால் பிடித்த கன்னியம்மாவிடம் என்னைக் கொண்டுபோனது. வாயில் பறி இருப்பதால் காலை முழுக்கப் பேச்சே கிடையாது. கரையிலிருந்து நான் கேட்பதற்கெல்லாம் அவள் புருவம்தான் பதில் சொல்லும். கலங்கல் சேற்றில் துழாவும் அந்த விரல்களுக்குக் கண் இருந்தது. பொடி இறால் என்றால் தொட்டதுமே விட்டுவிடும். கிடைத்ததை ஏன் விடுகிறாய் என்று நான் நச்சரித்த ஒருநாள், பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

“இங்க வளந்துகினு கீது கண்ணு. இன்னும் கடலயே பாக்கல.”

அதைச் சொல்வதற்குள் பறி சாய்ந்து, பெரிய இறால் இரண்டு நழுவிப்போயின. அவள் புருவம் மட்டும் என்னைத் திட்டியது.