தீவுக் கரையில் கம்போடு நின்றவர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தைப் பொங்கல் முடிந்த கையோடு, என் மகன் எங்களை அந்தமானுக்குக் கூட்டிப் போனான். எங்களை என்றால் என்னையும், மருமகளையும், மருமகளைப் பெற்ற அம்மாவையும். எனக்கு ஊர் சேரன்மகாதேவி. சம்பந்தியம்மாவுக்குத் திருநெல்வேலி டவுன். வாய் நிறைய மைனி என்றுதான் அவர்களைக் கூப்பிடுவேன், அவர்களும் என்னை அப்படித்தான். உள்ளுக்குள் என்ன நினைக்கிறேன் என்பது வேறு.

டிக்கெட் போடும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளை அம்மாவைக் கூட்டிப் போகிறான், சரி. மைனி எதற்கு? தீவில் இறங்கிய மறுநாளே விளங்கிவிட்டது. "எம்மா, நீயும் அத்தையும் பேசிக்கிட்டு இருங்க. நாங்க போட்ல ஒரு சுத்து போயிட்டு வந்துருதோம்" என்று புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிவிட்டார்கள். ஒருத்திக்கு ஒருத்தி காவல் வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

போர்ட் பிளேரில் இருந்து கப்பலில் போகிற ஒரு சின்னத் தீவு அது. ஒரு கரையில் மணல், இடியாப்பத்துக்குச் சலித்த மாவு மாதிரி இருந்தது. இன்னொரு இடத்தில் கடல் நிலத்துக்குள் வளைந்து வந்து, அலையே இல்லாமல், மணிமுத்தாறு அணைத் தண்ணீர் போலக் கிடந்தது. அழகு இல்லை என்று சொன்னால் கண் அவிந்துவிடும். ஆனாலும் அலை இல்லாத கடலை நான் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே இளநீர் வெட்டியவனையும் நம்பவில்லை. கூப்பிடாமலே கூட வந்து நண்டையும் நட்சத்திர மீனையும் காட்டிவிட்டுக் கையை நீட்டினான் ஒருத்தன். அவனுக்குப் பிறகு யாரையுமே நம்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கரைக்குப் போனோம். அங்கே கடலையே காணோம். எங்கேயோ தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நடுவில் பாறையும் சேறும் பாசியுமாகக் கடலின் தரை திறந்து கிடந்தது.

"ஏலே, கடல் உள்வாங்கிட்டுல்லா? இது எங்க போய் முடியுமோ" என்று மகனைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கன தினமும் இப்படித்தாம்மா. வத்தும், பெறகு ஏறும். ரொம்ப உள்ள போயிராதிய" என்று சொல்லிவிட்டு, மருமகளைக் கூட்டிக்கொண்டு கரையின் அந்தக் கோடிக்கு நடந்துவிட்டான்.

கரையில் சிவப்பாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். தமிழையே நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அது வேறு என்னமோ எழுத்து. மைனிக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல டவுன்காரர்களுக்கு மனசு வராது. "குப்பை போடாதீங்கன்னு இருக்கும்" என்றார்கள்.

முதலில் நிறையப் பேர் எங்களோடு பாறைமேல் நடந்துகொண்டிருந்தார்கள். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நீலமும் மஞ்சளுமாக மீன் குஞ்சுகள். அதைக் குனிந்து பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது ஒருத்தரையும் காணோம். கரையில் ஒரே ஒரு ஆள்தான். லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு நீள மூங்கில் கம்போடு நின்றான்.

"மைனி, அந்தா கம்போட நிக்காம்லா, அவன் நம்மளையேதான் பாக்கான்."

"என் சங்கிலியப் பாக்கானோ?"

"முந்தானைக்குள்ள விடுங்க அத. வந்த இடத்துலயுமா பகட்டு?"

"நீங்க மட்டும் வளையலக் கழத்தி வச்சிட்டா வந்திய?"

அவன் ஏதோ பாஷையில் கத்தினான். வா வா என்று கையைக் காட்டினான். அந்தக் கை நீட்டினவனுக்கு இவன் கூட்டாளியாக இருப்பான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவன் பாறைமேல் இறங்கி எங்களைப் பார்த்து வந்தான். நாங்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனோம். அவன் எட்டி நடந்தான். நான் மைனி கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் உள்ளே போனேன்.

எனக்குத் தண்ணீர் பயம் கிடையாது. ஆற்றில் நீந்தி வளர்ந்த உடம்பு இது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் மேற்கே இருந்துதான் வரும். அந்தப் பக்கம் ஒரு கண் இருந்தால் போதும். அதே பழக்கத்தில், இங்கேயும் கடல் பக்கம் ஒரு கண் வைத்திருந்தேன். கடல் அதே வெள்ளைக் கோடாகத்தான் இருந்தது. அதனால் மிச்சக் கண்ணெல்லாம் அந்தக் கம்புமேல்தான்.

திடீரென்று அவன் நின்றான். எங்களையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பிக் கரையைப் பார்த்து ஓடினான்.

"பாத்தியளா, நான் மொறச்ச மொறைப்புல ஓடிட்டான்."

"ஓடுனவன் ஆளக் கூட்டிட்டு வராம இருக்கணும்" என்றார்கள் மைனி.

அவர்கள் வாய் வைத்தபடியே ஆயிற்று. அவன் இன்னொரு ஆளோடு வந்தான். பொம்பிளை ஆள். சேலையைத் தூக்கிச் செருகி, கையில் மாவோ என்னமோ ஒட்டியிருக்க, அடுப்படியில் இருந்து அப்படியே எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள். அவன் தூரத்திலேயே நின்றுகொண்டான். அவள் மட்டும் எங்களை நோக்கி வந்தாள்.

ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறாள் என்று பார்த்தேன். அவள் கால் தெரியவில்லை. முழங்காலுக்குமேல் தண்ணீர். நாங்கள் செருப்பு நனையாமல் நடந்து வந்த வழி அது.

கடல் எங்களுக்கு முன்னால் வரவில்லை. பக்கத்துப் பள்ளம் வழியாகச் சுற்றி, எங்களுக்கும் கரைக்கும் நடுவில் வந்து நிரம்பிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்றது ஒரு திட்டு. அதையும் சுற்றித் தண்ணீர் நக்க ஆரம்பித்துவிட்டது.

மைனி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்கள். "எனக்கு நீச்சல் தெரியாதே மைனி. எம்மவளப் பாக்காமலே போயிருவனோ" என்று அழுதார்கள். அவ்வளவு நாளில் அவர்கள்மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. "பிள்ளைக கிட்ட உங்களச் சேத்துட்டுத்தான் மறுவேலை, எந்திரிங்க" என்று தூக்கினேன். சொன்னேனே தவிர, தண்ணீரில் கால் வைத்ததும் என் தைரியம் ஆடிவிட்டது. ஆறு ஒரு பக்கமாக இழுக்கும். இது எந்தப் பக்கம் இழுக்கிறது என்றே பிடிபடவில்லை.

அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அப்போதுதான் அந்த ஆள் வந்தார். இழுப்பு இருந்த பக்கம் போய், மார்பளவுத் தண்ணீரில் வேலி மாதிரி நின்றார். கையைக் கொடுக்கவில்லை. கம்பின் ஒரு நுனியை மட்டும் மைனி பக்கம் நீட்டினார். மைனி அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, பைய நடந்தார்கள்.

கரையில் கால் பட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வளையல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். மைனி கழுத்தைத் தடவினார்கள். இரண்டையும் அவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர் போலத் திரும்பி, லுங்கியைப் பிழிய ஆரம்பித்தார்.

மகன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். பம்பாயில் வேலை பார்த்ததால் அவனுக்கு இந்தி வரும். அவரோடு பேசிவிட்டு என்னிடம் சொன்னான்: "எம்மா, அவரு கிட்ட வர வர நீங்க கடலுக்குள்ளல்லா போயிருக்கிய. தன்னப் பாத்துப் பயப்படுதாங்கன்னு தெரிஞ்சுபோச்சாம். அதான் வீட்டுக்கு ஓடிப்போய் வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்திருக்காரு."

எனக்குத் தலை நிமிரவில்லை. என்னை ஒருத்தர் களவாணி மாதிரிப் பார்த்திருந்தால், எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று திரும்பி வந்திருப்பேன். என் ரோஷம் அப்படி. அவருக்கும் ரோஷம் இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நிற்க அன்றைக்கு நேரம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிளம்பும்போது கும்பிட்டேன். அவர் பதறிப்போய்க் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு திருப்பிக் கும்பிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். இன்றைக்கும் புது ஆளைக் கண்டால் சந்தேகம்தான் முதலில் வரும். ஆனால் போன மாதம் பஸ்ஸில், கைப்பிள்ளையோடு ஒரு பெண் நிற்க முடியாமல் ஆடிக்கொண்டு நின்றாள். மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று பிள்ளைக்குக் கையை நீட்டினேன். அவள் வெடுக்கென்று பின்னால் நகர்ந்து, பிள்ளையின் இடுப்புக் கொடியைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகம் சுட்டது. வாய்வரைக்கும் வந்த பேச்சை விழுங்கிவிட்டு எழுந்து, என் இடத்தை அவளுக்குக் காட்டினேன். உட்கார்ந்த பிறகும் அவள் என்னை ஓரக்கண்ணால்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்கட்டும், அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டும் ஒருத்தருக்கு நல்லது செய்யலாம் என்று எனக்குக் காட்டியவர், பெயர்கூடக் கேட்காமல் நான் விட்டுவந்த அந்த மனிதர்தான்.