மாடியில் குத்துச்சண்டை

திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் தனியாகக் குடியிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. யாரோடு பேசினாலும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்பார்.

ஒரு ஞாயிறு மதியம் மாடியிலிருந்து தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. நடுவே மூச்சிரைக்கும் ஓசை. யாரோ அவரை அடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

வியர்த்து வழியத் திறந்தார். உள்ளே நுழைந்து பார்த்தேன், வேறு யாரும் இல்லை. டிவியில் ஒரு குத்துச்சண்டை விளையாட்டு பாதியில் நின்றிருந்தது. பழைய வீடியோ கேம் பெட்டி. ரிமோட்டைக் கையில் பிடித்துக் குதித்துக் குதித்துக் குத்தினால் திரையில் இருப்பவனும் குத்துவான்.

"யாரோ உன்ன அடிக்கிறாங்கன்னு பயந்தே போயிட்டேம்மா," என்றேன்.

"இல்லக்கா. அடி வரும்போது கண்ண மூடிக்கிறேன். அது நிக்கணும்னுதான் ஆடறேன்."

"நின்னுச்சா?"

"கொஞ்சம் கம்மியாயிருக்கு."

அப்போது ஒரு பைக் எங்கள் வாசலருகே வேகம் குறைந்தது. அவர் முகம் வெளுத்தது. ஏனென்று தெரியாமலே நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பைக் கடந்து போன பிறகும் இருவரும் அசையவில்லை.

அடுத்த மாதமே அவர் வீட்டைக் காலி செய்தார். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாம இருக்கறதே நல்லதுக்கா. யாராவது வந்து கேட்டா நீங்க பொய் சொல்ல வேணாம்."

இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை. ஆனால் வாசலில் முன்பின் தெரியாத ஆள் யார் வந்து நின்றாலும், அந்தக் கேள்விதான் வரப்போகிறது என்று என் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது.