மூன்றாவது கட்டில்

தூத்துக்குடி துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய ஜெபசிங்குக்கு ஓய்வு பெற்றதும் ஒரே ஆசைதான். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து, மனைவி பெர்சியோடு மலைப்பக்கம் போகவேண்டும். குற்றாலம் பிடித்திருந்தால் நாலு நாள் இருக்கலாம், மேகமலை பிடித்திருந்தால் ஒரு மாதம்கூட இருக்கலாம். எப்போது திரும்புவோம் என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் வந்தால் ஓடு, சங்கு ஊதினால் நில் என்றே வாழ்ந்த மனுஷனுக்கு இப்படி ஒரு ஆசை வந்ததில் தப்பே இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் மூன்றாவதாக அக்கா கிருபாபாய் இருந்தாள். அம்மா போனபிறகு அவனை வளர்த்துப் படிக்கவைத்ததில் தன் கல்யாணத்தைக் கோட்டைவிட்டவள். நாசரேத்தில் பூகோள டீச்சர். மேற்குத் தொடர்ச்சி மலையை போர்டில் பழுப்பு சாக்பீஸால் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றாள். ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை.

அவள் வந்தால் வேனுக்குள்ளும் மணியடித்தாற்போல ஜெபம், சாப்பாடு, தூக்கம் என்று ஆகிவிடும். ஒரு தடவையாவது நாம ரெண்டு பேர் மட்டும் போகணும் என்று பெர்சி கேட்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதனால், வேனை வாடகைக்கு விடப்போவதாக அக்காவிடம் சொல்லிவைத்தான். கிளம்பும்போது சொல்வதற்கு மதுரையில் பெர்சிக்குக் கண் ஆபரேஷன் என்று இன்னொரு பொய்யும் தயாராக இருந்தது.

உள்வேலையைத் தருவைகுளத்து ஜேசுபாதத்திடம் கொடுத்தான். விசைப்படகுக்குள் ஆட்கள் படுக்க இடம் செய்துகொடுக்கும் தச்சர் அவர். வேனை அளந்துவிட்டு, "கட்டில் ரெண்டா, மூணா அண்ணாச்சி? மூணும் தாராளமாப் போடலாம். ரெண்டு போதும்னா அந்த இடத்துல அலமாரி வச்சிருதேன்" என்றார்.

ரெண்டு என்று சொல்ல ஜெபசிங்குக்கு வாய் வரவில்லை. மூணு என்று சொல்ல மனசு வரவில்லை. பொறவு சொல்லுதேன் என்று நழுவியவன், அவர் கூப்பிட்டபோது போனையும் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், ரெண்டு கட்டிலும் ஒரு அலமாரியும் வார்னிஷ் வாசனையோடு நின்றன. அவராகவே முடிவு பண்ணிவிட்டார் என்று நினைத்தபோது பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. அலமாரி இவ்வளவு விசாலமா என்று திறந்து திறந்து பார்த்தான்.

நான் ஒண்ணும் சொல்லலையே, அவராத்தான் போட்டாரு என்று பெர்சியிடம் சொன்னான். அவள் கேட்காமலேயே ரெண்டாம் தடவையும் சொன்னான். அன்றைக்கு அக்கா வைத்த சொதிக் குழம்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

அடுத்த ஞாயிறு சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர் ஸ்தோத்திர காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களையும் எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் வாசித்தார். பிறந்தநாள், புதுவீடு என்று போய்க்கொண்டிருந்தவர், "தம்பி ஜெபசிங், பெர்சி இருவரின் மலைப்பயணம் சுகமாக அமைய, அக்கா கிருபாபாய்" என்றார். சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பெர்சி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஜெபசிங்குக்குக் காது இரண்டும் எரிந்தன. இத்தனை வயசுக்குமேல் திருட்டுப் பையன்போல நிற்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிருபாபாய் கறிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். ஜெபசிங் பக்கத்தில் போய் நின்றான்.

"நீங்களும் வாங்கக்கா."

"நான் எங்கலே படுப்பேன்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவனை இன்னும் குத்தியது. அப்போதும் உண்மை வரவில்லை. ஜேசுபாதம் தானாகவே ரெண்டு கட்டில் போட்டுவிட்டார், மூன்றாவதைப் போடச்சொல்லிவிடலாம் என்று மளமளவென்று சொன்னான்.

"அவரு மேல பழியப் போடாதலே. நீ போனை எடுக்கலன்னு வீடு தேடி வந்தாரு. மலைக்குப் போற வேன்ல கட்டில் ரெண்டா மூணான்னு என்கிட்டதான் கேட்டாரு." அவள் உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள். "நீ அவருகிட்ட ஒண்ணும் சொல்லாம வந்திருக்கன்னா அது ரெண்டுதான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு போதும்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

ஜெபசிங் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தான்.

"அலமாரியக் கொஞ்சம் பெருசாவே வைக்கச் சொன்னேன். அங்கன குளிரும்லா, கம்பளியெல்லாம் வைக்கணும். இடம் பத்துதாலே?"