எரிந்துபோன பதினொரு விளக்குகள்

எங்கள் காரின் டாஷ்போர்டில் நான் செய்த வேலைகள் அனைத்துக்கும் காரணம் என் மனைவி சொன்ன ஒரே ஒரு வாக்கியம்: "மீட்டர்ல வெளிச்சம் கொஞ்சம் மங்கலா இருக்கு." டிசம்பர் மாதம், பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகாலுக்கு, இடியப்பம் பிழிந்துகொண்டே சொன்னாள். இவ்வளவும் நான் தினமும் குறிப்பெழுதுகிற தடித்த சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. ஒரு சின்ன பல்பை மாற்றியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும் என்பது மட்டும் அதில் இல்லை.

நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து இறங்கியது, எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று முப்பது வருடத்துக்கு மேல் எழுதிக்கொண்டிருந்ததில், எழுதப்படாத நாள் நடக்காத நாள் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு அப்புத்தளை வீட்டு முற்றத்தில் சொந்தமாக ஒரு மழைமானி வைத்துக்கொண்டேன். தோட்டத்தின் வரலாற்றை எழுதப் போவதாகப் பலரிடமும் சொல்லி வைத்தேன். ஃபாக்டரிக்கு மின்சாரம் வந்த அத்தியாயத்தில் அந்த வரலாறு நின்றுவிட்டது. மின்சாரம் பற்றித் தெரியாமல் எப்படி எழுதுவது என்று படிக்க ஆரம்பித்தேன். பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த வயரிங் நூல்கள், பிறகு போனில் வீடியோக்கள், அதற்குப் பிறகு ஒரு சோல்டரிங் கோல். வரலாறு இன்னும் அந்த அத்தியாயத்திலேயே நிற்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று முறை பரீட்சைக்குப் போனேன். மூன்றாவது முறை, பரீட்சிக்க வந்தவர் பாதி வழியிலேயே இறங்கி, தனக்கு நடப்பது பிடிக்கும் என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். கார் என் மனைவியுடையது. பெரகல தாண்டி கொஸ்லந்தப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு தோட்டப் பாடசாலையில் அவள் டீச்சர். முழங்கால் வலி வந்து பஸ் படி ஏற முடியாமல் போனபோதுதான் அந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கினோம். நாற்பத்தொன்பது வயதில் ஓட்டப் பழகி முதல் தடவையிலேயே லைசன்ஸ் எடுத்தாள். கார் நிற்கும்போது மட்டும்தான் அதன் மேல் எனக்கு ஏதாவது அதிகாரம் உண்டு.

அந்த விடுமுறை முழுவதும் கார் வாசல் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. மீட்டருக்கு நீல எல்.ஈ.டி. பல்புகள் போட்டேன். டாஷ்போர்டின் ஓரம் நெடுக இருபத்துநான்கு சின்ன விளக்குகள் கொண்ட ஒரு சுருளை ஒட்டினேன். ஹெட்லைட்டின் பழைய மஞ்சள் பல்புகளைக் கழற்றி, பகலைப் போல வெளிச்சம் தரும் வெள்ளைப் பல்புகளை மாட்டினேன். சிக்னல் லைட் ஒவ்வொன்றாக ஓடுகிற மாதிரி எரிய வேண்டும் என்று அதன் வயர்களையும் பிரித்து வேறு மாதிரி சேர்த்தேன். ஒவ்வொரு வயரைக் கழற்றியபோதும் நேரம் குறித்தேன். கழற்றிய பழைய பல்புகளைத் தேதி எழுதிய உறைகளில் போட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தேன். எல்லாம் முடிந்த அன்று சுவிட்சைப் போட்டுவிட்டு நான்கு அடி பின்னால் நின்று பார்த்தேன். கண் கலங்கியது. அது வெளிச்சத்தினால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

என் மனைவியோடு தினமும் பின் சீட்டில் போகிற பக்கத்து வீட்டு இளம் டீச்சர் பள்ளி திறந்த முதல் நாள் மாலை காரிலிருந்து இறங்கியதும் சொன்னாள்: "மாமா, உள்ளுக்கு அப்படியே மாரியம்மன் தேர் மாதிரி இருக்கு. சாமி மட்டுந்தான் இல்ல."

"சாமி ஓட்டிக்கிட்டு இருக்கே," என்றேன்.

சாமி சிரிக்கவில்லை. "என்னங்க, இனிமே ஸ்குரூ டிரைவரோட இந்தக் காருக்குள்ள வந்தீங்கன்னா பாத்துக்குங்க," என்று சொல்லிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆகையால் ஜனவரி முழுவதும் என் ஆய்வை வெளியில் நின்றுதான் செய்ய வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு அவள் காரை ஸ்டார்ட் பண்ணும்போது, வாசற்படியில் நின்று கண்ணாடி வழியாக விளக்குகளை எண்ணுவேன். முதல் வாரமே ஒன்று குறைந்தது. அடுத்த திங்கட்கிழமை இன்னும் இரண்டு. மாதக் கடைசியில் பதினொரு விளக்குகள் எரியவில்லை. "எரிந்துபோனது" என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். பதினொன்றும் ஓட்டுநர் பக்கத்திலேயே இருந்ததைக் கவனித்து, அந்தப் பக்கக் கதவு அடிக்கடி திறப்பதால் ஈரம் புகுகிறது என்று ஒரு கொள்கையையும் எழுதி வைத்தேன். சுருளை இணையத்தில் விற்ற கடைக்கு அட்டவணை போட்டு ஒரு முறைப்பாடு அனுப்பினேன். பாவம், அவர்கள் மன்னிப்புக் கேட்டு, புதிய சுருள் ஒன்றை இலவசமாக அனுப்பி வைத்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. நடந்ததைச் சொன்னவள் பின் சீட்டு டீச்சர்தான்.

பெரகல வளைவுகளில் பனிமூட்டம் கனமாக இருந்திருக்கிறது. என் வெள்ளை ஹெட்லைட் பனியில் பட்டுத் திரும்பி, காருக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் எழும்பின மாதிரி ஆகிவிட்டது. மனைவி வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று நான்கு சிக்னல்களையும் போட்டிருக்கிறாள். அங்கேதான் என் வயரிங் வேலை செய்தது. சிக்னல் எரியும்போது ஹெட்லைட் அணைந்தது. சிக்னல் அணையும்போது ஹெட்லைட் எரிந்தது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. கடைசியில் இளம் டீச்சர் இறங்கி, சிவப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி காருக்கு முன்னால் நடந்தாள். என் மனைவி குடையைப் பார்த்து ஓட்டினாள். கொழுந்து மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார்கள்.

"என்னா டீச்சர், காருக்கு வழி தெரியலையா? வேணும்னா நாங்க நாலு பேரு கூட வாறோம்!"

அன்று மாலை மனைவி சாவியைக் கொண்டுவந்து என் கொப்பியின் மேல் வைத்தாள்.

"பழைய வெளிச்சம் திரும்ப வர்ற வரைக்கும் நான் பஸ்ல போறேன்."

"முழங்கால்?"

"முழங்காலுக்கு முன்னாடி உசுரு இருக்கணும்ல."

வெள்ளிக்கிழமை அவள் பஸ் ஏறுவதைச் சந்தியில் நின்று பார்த்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினாள். கண்டக்டர் கைப்பையை வாங்கிக்கொண்டார். அந்தக் காரை நாங்கள் வாங்கியதே இந்தப் படிக்காகத்தான். அன்றைய மழையளவை நான் எழுதவில்லை.

நானே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடலாம் என்று மூன்று நாள் முயன்றேன். மூன்றாம் நாள் முடிவில், பிரேக்கை மிதித்தால் ஹோர்ன் அடித்தது. பின் சீட்டு டீச்சர் பதுளையில் ஒரு கராஜ் இருப்பதாகச் சொன்னாள். பழைய ஜப்பான் கார் வயரிங்கில் கெட்டிக்காரரான எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் மெக்கானிக் அங்கே இருந்தார். ஆனால் காரை அங்கே கொண்டுபோக யாராவது ஓட்ட வேண்டுமே.

"பகல்லதானே," என்றாள் மனைவி. "ஏறுங்க. நீங்களும் முன் சீட்ல உக்காந்து பாருங்க."

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். டவுனைத் தாண்டும்போதே பனி இறங்கிவிட்டது. அந்தக் கார் ஓடும்போது, என் விளக்குகள் எரிய, பனிக்குள் நான் அதில் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது வளைவில் ரோட்டின் நடுவே நீல வெளிச்சத்தோடு ஏதோ ஒன்று எங்களை நோக்கி வந்தது.

"நிறுத்து! முன்னால ஏதோ வருது!"

"அது உங்க மீட்டர்."

"என்ன?"

"கண்ணாடியில தெரியுது பாருங்க. எங்க போனாலும் அது முன்னாடியே வரும். நாப்பதுல போனா நாப்பதுன்னு காட்டிக்கிட்டே வரும்."

அதற்குப் பிறகு பண்டாரவளை வரை நான் பேசவில்லை. அவள் பிரேக் மிதித்தபோதெல்லாம் எங்களுக்காகக் காரே பேசியது.

கராஜில் நானா போனட்டைத் திறந்து பார்த்தார். பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தார். வெகு நேரம் வெளியே வரவில்லை.

"ஐயா, இது யாரு பாத்த வேல?"

"நான்தான்."

"அப்ப சரி. வேற மெக்கானிக் பாஸ் யாருமிண்டா நல்லா ஏசலாமிண்டு இருந்தேன்."

சுருளைக் கழற்றப் போனவர் நின்றார். ஒரு விளக்கை விரல் நகத்தால் சுரண்டினார். வட்டமாக, கறுப்பாக ஏதோ உரிந்து வந்தது. உடனே விளக்கு பளிச்சென்று அவர் கண்ணில் அடித்தது. அடுத்ததைச் சுரண்டினார். அதுவும் எரிந்தது.

"இது என்ன ஐயா, பொட்டா?"

திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் எதிரில் இருந்த ஹாட்வெயார் கடையில் தொங்கிய வாளிகளை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானா பதினொன்றையும் உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பு ஸ்டிக்கர் பொட்டுகள். கறுப்பு டாஷ்போர்டில், வாசற்படியில் நிற்கிற கிழவன் கண்ணுக்குத் தெரியாத பொட்டுகள்.

"கண்ணைக் கூசுச்சு," என்றாள் வாளிகளிடம். "சொன்னா நீங்க வேற கலர்ல மாத்துவீங்க. அதான் சொல்லல."

கொப்பியில் பதினொரு பதிவுகள், ஓர் ஈரக் கொள்கை, கடைக்கு ஒரு முறைப்பாடு. தேதியும் நேரமும் ஒன்றுகூடப் பிழையில்லை. நடந்ததாக நான் எழுதியிருந்தவற்றில்தான் எதுவும் நடக்கவில்லை. தோட்டத்தின் வரலாற்றை நான் முடிக்காமல் விட்டது தோட்டம் செய்த புண்ணியம்.

நானாவுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. ஒரு பச்சை வயரைத் தூக்கிப் பிடித்தார். "இத எங்கருந்து கழட்டின ஐயா?"

இந்தக் கேள்விக்காகத்தான் கொப்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பக்கத்தைப் புரட்டி வாசித்தேன்: "செவ்வாய்க்கிழமை. காலை 9.40. லேசான மழை. பச்சை வயர் கழற்றப்பட்டது."

"சரி. எங்கருந்து?"

அடுத்த வரியை வாசித்தேன். "9.55. மழை விட்டது."

நானா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மழை விட்டது," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"எத்தன மில்லிமீட்டர்னு எழுதலையா?" என்று கேட்டாள் மனைவி.

எழுதியிருந்தேன். வேறு பத்தியில்.

மிச்ச வேலையை அவள்தான் முடித்து வைத்தாள். வயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் முன்பு எந்தச் சுவிட்சைப் போட்டால் எது எரியும், சிக்னல் போட்டால் எந்தப் பக்கம் டிக் டிக்கென்று சத்தம் வரும், ஹெட்லைட் போட்டால் மீட்டரில் எந்த மூலை முதலில் வெளிச்சமாகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நானா கேட்டுக்கொண்டே வயர்களைத் தேடிச் சேர்த்தார். நான் பிஸ்கட் டின்னைத் திறந்து பழைய பல்புகளை எடுத்துக் கொடுத்தேன். உறைகள் சரியாக இருந்ததற்கு நானா பாராட்டினார். அன்று எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். இரண்டு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டேன். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. மீட்டருக்குப் புதிதாக ஒரு சாதாரண பல்பு போட்டார். அதுதான் டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டது.

திரும்பி வரும்போது மீட்டரில் ஒரு கறுப்புப் பொட்டு மிச்சம் இருப்பதைப் பார்த்தேன். ஹைபீம் போட்டால் எரிகிற நீல அடையாள விளக்கின் மேல். அந்த விளக்கு நான் போட்டதல்ல, ஜப்பானிலேயே போட்டது; அதுவும் அவள் கண்ணைக் கூசியிருக்கிறது. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கார் சரியாகிவிட்டது, அவள் அதில் போவாளா என்பது தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாவியை மறுபடி என் கொப்பியின் மேலேயே வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, சுருள் விற்ற கடைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பதினொரு பதிவுகளையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "பொட்டு" என்று எழுதினேன்.

திங்கட்கிழமை எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனி. பஸ்ஸில் போன நாட்களில் ஐந்தே முக்காலுக்கு அவள் சந்திக்கு இறங்கிவிடுவாள். நான் மழைமானியைப் பார்க்கிற பாவனையில் முற்றத்தில் நின்றேன். ஐந்து ஐம்பது ஆனது. சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் உள்ளே கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் போகிற சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து, என் கொப்பியின் மேலிருந்த சாவியை எடுத்தாள்.

ஹெட்லைட் எரிந்தது. பழைய மஞ்சள் வெளிச்சம். பனிக்குள் ரோட்டின் ஓரக் கல் தெரிந்தது. பின் சீட்டு டீச்சர் ஏறி, கண்ணாடியை இறக்கிச் சிவப்புக் குடையை வெளியே நீட்டினாள்.

"மாமா, இத வீட்டுலயே வச்சிட்டுப் போகவா?"

"வச்சுக்கம்மா. மழைக்கு உதவும்."

வளைவு வரைக்கும் பின் விளக்குகள் தெரிந்தன. இடது சிக்னல் அடித்தது. வேறு எதுவும் அணையவில்லை. நான் கொப்பியை எடுத்து எழுதினேன்: "திங்கட்கிழமை. காலை 6.05. கனத்த பனி. கார் புறப்பட்டது." எழுதி முடித்ததும் நானாவின் கேள்வி ஞாபகம் வந்தது. அதனால் இன்னொரு வரியும் சேர்த்தேன்: "வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு."