வீட்டுக்காரர் வாசித்த என் கடிதம்

சண்டைக்காலம். குருக்கள்மடத்தில் வாடகை வீட்டிலிருந்து படிப்பித்துக்கொண்டிருந்த நான், வாவிக்கு அக்கரையில் பழுகாமத்திலிருந்த தோழி வதனிக்கு வீட்டைப் பற்றி எழுதினேன்: "கிணத்துத் தண்ணி உவர். கூரை ஒழுகுது. வீட்டுக்காரர் ஒரு ஓடும் மாத்தித் தரமாட்டார், பெரிய கஞ்சன்." அக்கரைக்குத் தபால் இல்லாததால், அங்கே வயலுக்குப் போகும் வீட்டுக்காரரிடமே கடிதத்தை ஒட்டிக் கொடுத்தேன்.

பாலத்தடிச் சோதனையில் ஆமிக்காரன் சந்தேகப்பட்டு உறையைக் கிழித்து, அவரையே உரத்து வாசிக்க வைத்தான். வரிசையில் நின்ற ஊரே கேட்டது.

பின்னேரம் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"கஞ்சன்ட வீடு உங்களுக்கு வேணாம் ரீச்சர். நாளைக்கே வெளிக்கிடுங்க."

"எழுதினதில என்ன பொய்?" என்றேன்.

"என்ட நெஞ்சில துவக்குக் குழல வச்சிக்கிட்டுத்தான் ஆமிக்காரன் வாசிக்கச் சொன்னான்."

அன்றிரவே பெட்டியைக் கட்டினேன்.

இப்போதைய வீட்டுக்காரரிடம் குறைகளை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். வதனிக்கு, "வீடு நல்லம்" என்று மட்டும் எழுதுகிறேன்.