கீழே வைக்காத கூடை

சித்தி சூப்பர் மார்க்கெட்டில் கூடையைத் தரையில் வைப்பதில்லை. அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் கூடையில் எவ்வளவு சாமான் இருந்தாலும், கைப்பிடி உள்ளங்கையை அறுத்தாலும், குடத்தை வைப்பதுபோல இடுப்பில் அணைத்துக்கொண்டுதான் வரிசையில் நிற்பாள். "கீழ வைங்க சித்தி, கை வலிக்கும்லா" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும்ளா" என்பாள். அவள் ஏன் வைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வளர்ந்தது கூலிவேலைக்காரர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். அம்மாவின் தங்கையான இந்தச் சித்திக்கு அடுத்த வீடு. குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அதனால் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கவோ பிள்ளைக்குப் பால் கொடுக்கவோ போய்விடுவார்கள். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவள் முன்னால் இருக்கும் குடத்தையும் சேர்த்து நகர்த்துவாள். ஆள் வந்து சேராவிட்டால் தண்ணீரையும் பிடித்து வைப்பாள். புதிதாகக் குடிவந்தவள் யாராவது ஆளில்லாத குடத்தை ஒதுக்கிவிட்டால் சித்தி விடமாட்டாள். "கொடம் நின்னா ஆளு நின்ன மாதிரி, தெரிஞ்சுக்கோ" என்று அவள் போடும் சத்தத்தில் சந்தே எட்டிப் பார்க்கும். குழாயடிச் சண்டை என்று இளக்காரமாகச் சொல்கிறார்களே, எங்கள் குழாயடியில் பாதிச் சண்டை அங்கே இல்லாதவளின் இடத்துக்காக நடந்ததுதான்.

கல்யாணமாகி நான் செம்பூருக்கு வந்தபிறகு, தீபாவளிக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியை எங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். பில் போடும் வரிசை அரிசி மூட்டைகள் வரை நீண்டிருந்தது. நான் காய்கறியை எடை போடப் போயிருந்தேன். வரிசையில் நின்ற சித்திக்கு வெல்லம் எடுக்காதது ஞாபகம் வந்திருக்கிறது. பின்னால் நின்றவனிடம் "பாயி, மேரா நம்பர் ஹை" என்று தன் இடத்தைச் சொல்லி, கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நானும் அவளும் திரும்பி வந்துகொண்டிருக்கும்போதே, எங்கள் கண்ணெதிரே, அவன் அந்தக் கூடையைச் செருப்புக் காலால் துடைப்பங்கள் இருந்த ஓரத்துக்குத் தள்ளினான். வாயில் போடுகிற பருப்பும் சாமிக்கு வாங்கிய கற்பூரமும் அதில் இருந்தன.

சித்தி மறுபடியும் "மேரா நம்பர்" என்று ஆரம்பித்தாள். இது ஒன்றும் தண்ணிக் குழாய் இல்லை ஆன்ட்டி என்று இந்தியில் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவன் பெண்டாட்டியும் சிரித்தாள். நான் வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். சித்திதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்து கூடையை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். இடுப்பில் அணைத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.

போன வாரம் அதே கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு டிராலி மட்டும் ஆளில்லாமல் நின்றது. அதன் சொந்தக்காரி ஐஸ்கிரீம் பெட்டிப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் டிராலியைத் தொடவில்லை. யாருக்கும் தண்ணிக் குழாய் ஞாபகம் வரவில்லை. மினுக்கான உடுப்போடு வந்தவள் வைத்தால் அது நம்பர். லேபர் கேம்ப்புக்காரி வைத்தால் அது குப்பை. வரிசை நகர்ந்தது. நான் டிராலியை ஓரமாக ஒதுக்கக் கையை வைத்தேன்.

சித்தி என் கையைத் தட்டிவிட்டாள். கூடையை ஒரு பக்கமாக இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அந்த டிராலியை அதன் இடத்துக்குத் தள்ளிவிட்டாள். "ஆளு நிக்குல்லா" என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். சித்தியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டிராலி தானாக உருண்டு வந்ததுபோல, சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"நான்தான் நிக்கேன்லா, இப்பவாவது கூடையக் கீழ வைங்க சித்தி" என்றேன்.

அவள் வைக்கவில்லை.